மூன்று சொற்களும் ஒரு நோயும்



இரத்தத்தில் கலந்திருக்கும் கொழுப்பைப் பற்றிப் பேச மொழியியலாளருக்கு என்ன உரிமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். நோயைக் கண்டறிதலும் மருந்து தருதலும் மருத்துவர் பணி. அதில் நாம் தலையிடப் போவதில்லை. ஆனால், மருத்துவர் கண்டறிந்த நோய் ஒரு குடும்பத்துக்குள் நுழையும்போது சொல்லாகத்தான் நுழைகிறது. அந்தச் சொல் எத்தகையதாக இருக்க வேண்டும் என்பதில் மொழியைக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பொறுப்பு உண்டு. அப்பொறுப்பில் நாமே ஒருமுறை தவறினோம். இன்றைய உரை அத்தவற்றிலிருந்து பிறந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, நம்மிடம் முன்னர்ப் பயின்ற மாணவி ஒருவர் நம் இல்லத்துக்கு வந்தார். அவர் இப்போது ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. அவருடைய ஒன்பது வயது மகனுக்கு அடிக்கடி வயிற்றுவலி வரும். பள்ளிக்குச் செல்ல மனமின்றி நடிக்கிறான் என்றே வீட்டிலும் பள்ளியிலும் எண்ணியிருந்தனர். ஒருநாள் மேல்வயிற்றில் எழுந்த வலி முதுகுவரை பரவியது, வாந்தியும் நிற்கவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது, கணையத்தில் கடும் அழற்சி என்றனர். சோதனைக்கு எடுத்த இரத்தம் சிறிது நேரம் நின்றதும், மேலே தெளிந்த நீர் பால்போல் வெளுத்திருந்ததாம். அதிலிருந்த டிரைகிளிசரைடு லிட்டருக்கு 31 மில்லிமோல். வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் அது 1.7க்குக் கீழே இருப்பதே இயல்பு. தொடர்ந்து செய்த மரபணு ஆய்வில், ‘அப்போலிப்போபுரதம் சி-2’ என்னும் புரதம் அவன் உடலில் பிறவியிலேயே உருவாவதில்லை என்று தெரியவந்தது.

மருத்துவ அறிக்கையை வீட்டில் உள்ளோர்க்குத் தமிழில் எழுதித் தருமாறு அம்மாணவி கேட்டார். நாமும் எழுதினோம்: ‘இரத்தத்தில் கொழுப்பு மிகும் பரம்பரைக் குறை.’ எழுதிய கையோடு அவரிடம் ஒரு கேள்வியும் கேட்டோம்: “பையன் ஒல்லியாகத்தானே இருக்கிறான்? நெய், எண்ணெய் அதிகமாகக் கொடுத்தாயா அம்மா?”

அடுத்த வாரம் அவர் மீண்டும் வந்தார். நாம் எழுதிய ஐந்து சொற்கள் வீட்டில் என்ன செய்தன என்று சொன்னார். மாமியார், “எங்கள் பரம்பரையில் யாருக்கும் இந்தக் குறை இல்லையே” என்றாராம். கணவர் ஒன்றும் பேசவில்லையாம். இரவில் மகன் தாயிடம் வந்து, “அம்மா, நான் கொழுப்பெடுத்தவனா?” என்று கேட்டானாம். “ஐயா, இந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?” என்று அவர் நம்மைப் பார்த்தார். நம்மிடம் பதில் இல்லை.

நாம் எழுதிய தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் கொழுப்பு, குறை, பரம்பரை என்னும் மூன்று சொற்களும் மகனையும் தாயையும் பாட்டியையும் புண்படுத்தின. அம்மூன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதற்சொல்: கொழுப்பு

பழந்தமிழில் கொழுமை என்பது வளத்தைக் குறித்தது. செழித்து வளர்தலே கொழுத்தல். நம் தமிழ்ப்பள்ளி அறிவியல் பாடத்திலும் கொழுப்புச்சத்து என்பது மாவுச்சத்து, புரதச்சத்து ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கும் நல்ல சொல்லே. ஆனால், திடலிலும் தெருவிலும் அதே சொல் திமிரைக் குறிக்கிறது. ‘உனக்குக் கொழுப்பு’ என்றால் அது வசை. ஒன்பது வயதுச் சிறுவன் பாடநூலில் கண்ட சொல்லைவிடத் திடலில் கேட்ட சொல்லையே முதலில் நினைப்பான்.

மருத்துவ வழக்கிலும் இச்சொல்லால் ஓர் இடர் உண்டு. கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு ஆகிய இரண்டையும் நம் பேச்சு வழக்கு கொழுப்பு என்றே அழைக்கிறது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். கொலஸ்ட்ரால் உயிரணுவின் சவ்வைக் கட்டவும் சில இயக்குநீர்களை ஆக்கவும் பயன்படுவது. டிரைகிளிசரைடு உடலின் எரிபொருள். கிளிசரால் என்னும் ஒரு மூலக்கூற்றோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்தது அது. பெயரிலுள்ள ‘டிரை’ அந்த மூன்றைச் சுட்டுகிறது. நாம் உண்ணும் எண்ணெய், நெய் ஆகியவை பெரும்பாலும் இதுவே.

எண்ணெய் நீரில் கலவாது. இரத்தமோ பெரும்பகுதி நீர். ஆகவே, குடல் தான் உறிஞ்சிய எண்ணெயைப் புரதமும் பிற பொருள்களும் சூழ்ந்த நுண்துளிகளாகக் கட்டி, நிணநீர் வழியாக இரத்தத்துக்கு அனுப்புகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் ஹென்றி கேஜ், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பகுதியில் இத்துளிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, கைலோமைக்ரான் என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘கைலோஸ்’ என்றால் சாறு; ‘மைக்ரோன்’ என்றால் சிறியது. உணவு உண்ட சில மணி நேரத்தில் இத்துளிகள் இரத்தத்திலிருந்து நீங்கிவிட வேண்டும். நம் மாணவியின் மகனுக்கு அவை நீங்கவில்லை. இரத்தம் பால்போல் வெளுத்ததற்குக் காரணம் அதுதான்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. டிரைகிளிசரைடு மிகுந்த எல்லோருக்கும் இந்நோய் இருப்பதாகக் கருதிவிடக் கூடாது. நம்மிடையே பலருக்கும் அது மிகுவதற்குக் கட்டுக்கடங்காத நீரிழிவு, உடற்பருமன், மது, மிகுந்த சர்க்கரை, தைராய்டுச் சுரப்புக் குறைவு, சில மருந்துகள் ஆகியவை காரணமாகின்றன. பல மரபணுக்களின் சிறுசிறு பங்கும் அவற்றோடு சேர்கிறது. ஒரே மரபணு பழுதுபட்டதால் சிறு வயதிலேயே இரத்தம் வெளுக்கும் நோய் மிக அரியது. பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே இவ்வகை நோய்கள் காணப்படுகின்றன. அவற்றுள்ளும் சி-2 இல்லாமையால் வருவது இன்னும் அரிது.

அச்சத்தின் இடமும் வேறு. கொழுப்பு என்றதும் நாம் மாரடைப்பை நினைக்கிறோம். கைலோமைக்ரான்கள் பருத்தவை, இரத்தக்குழாய்ச் சுவருக்குள் அவை எளிதில் புகுவதில்லை. இந்நோயில் முதலில் தாக்கப்படுவது கணையம். டிரைகிளிசரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 11 மில்லிமோலைத் தாண்டும்போது, அதாவது டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டும்போது, கணைய அழற்சிக்கான வாய்ப்பு உயர்கிறது. அவ்வழற்சி உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடியது. சிலருக்குத் தோலில் மஞ்சள் நிறச் சிறு கொப்புளங்கள் தோன்றும். கல்லீரலும் மண்ணீரலும் வீங்கும். இவை எவையும் உடற்பருமனின் அடையாளங்கள் அல்ல. ஒல்லியான பிள்ளைக்கும் இவை வரும். “ஒல்லியாகத்தானே இருக்கிறான்” என்று நாம் கேட்டது நம் அறியாமை.

இரண்டாம் சொல்: குறை

அறிக்கையில் இருந்த ஆங்கிலச் சொல்லுக்குக் குறைபாடு என்பதே அகராதி தரும் பொருள். நாம் அதைச் சுருக்கிக் குறை என்று எழுதினோம். தமிழில் குறை என்பது பற்றாமையையும் குறிக்கும், குற்றத்தையும் குறிக்கும். குறை கூறுதல் என்றால் பழி கூறுதல். ‘இவனிடம் ஒரு குறை இருக்கிறது’ என்று பாட்டி படித்தார். ‘இவனுக்கு ஒன்று குறைகிறது’ என்று படிக்கும்படி நாம் எழுதியிருக்க வேண்டும்.

குறைவது என்ன? 79 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதம். கல்லீரலும் குடலும் அதை ஆக்குகின்றன. அதன் பணியை விளக்க, இலக்கணத்திலிருந்தே ஓர் உவமை சொல்லலாம். ‘மாணவன் ஆசிரியர் அழைத்தார்’ என்று எழுதினால், இரண்டு பெயரும் ஒரு வினையும் இருந்தும் தொடர் நிரம்பவில்லை. ‘மாணவனை’ என்று ஐ உருபைச் சேர்த்ததும் பொருள் இயங்கத் தொடங்குகிறது. உருபு தனியே நின்று பொருள் தருவதில்லை. ஆனால், அது இல்லாதபோது வினை தன் செயப்படுபொருளைச் சென்று பற்ற இயலாது.

உடலில் அந்த வினையைச் செய்வது லிப்போபுரத லைப்பேஸ் என்னும் நொதி. தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள மிக நுண்ணிய இரத்தக்குழாய்களின் உட்சுவரில் அது காத்திருக்கிறது. கைலோமைக்ரான் அவ்வழியே வரும்போது டிரைகிளிசரைடைப் பிளந்து, கொழுப்பு அமிலங்களைத் திசுக்களுக்குத் தருவது அதன் வேலை. துளியின் மேற்பரப்பில் சி-2 இருந்தால்தான் அந்நொதி முறையாக இயங்கும். நொதி உண்டு, துளி உண்டு, இடையில் உருபு இல்லை. நம் மாணவியின் மகனுக்கு நேர்ந்தது இதுதான். ஒன்று இல்லாததால் மற்றொன்று மிகுகிறது.

இவ்வுண்மை மெல்ல மெல்லத்தான் தெளிந்தது. செருமானிய மருத்துவர்களான பியூர்கர், குரூட்ஸ் ஆகியோர் 1932இல் இத்தகைய நோய்நிலையை விவரித்தனர். 1960இல் ஹேவல், கார்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தை ஆராய்ந்து, நொதி இன்மையே அங்குக் காரணம் என்று காட்டினர். 1978இல் கனடாவின் தொராண்டோ நகரில் பிரெக்கன்ரிட்ஜும் அவருடைய குழுவினரும் வேறொரு நோயாளரைக் கண்டனர். இயல்பான இரத்தம் செலுத்தப்பட்டதும், அவருடைய டிரைகிளிசரைடு ஒரே நாளில் பெரிதும் இறங்கியது. பிறருடைய இரத்தத்தில் இருந்த ஏதோ ஒன்று அவருடைய நொதியை எழுப்பியிருக்க வேண்டும். அந்த ஏதோ ஒன்றுதான் சி-2. நெருக்கடியில் இயல்பானவரின் இரத்தத் தெளிநீரைச் செலுத்திச் சிறிது காலம் நிலைமையைச் சீராக்க இயலும் என்பதும் இதனால் விளங்கியது.

ஆதலால், குறை என்பதற்கு மாற்றாக இன்மை என்னும் சொல்லை முன்வைக்கிறோம். ‘அப்போ சி-2 இன்மை’ என்றால் இல்லாமை மட்டுமே தோன்றும்; பழி தோன்றாது. சிலருக்குப் புரதம் உருவானாலும் அது வேலை செய்யாது. அதனைச் ‘செயலின்மை’ எனலாம். டிரைகிளிசரைடு, அப்போலிப்போபுரதம் ஆகியவற்றை ஒலிபெயர்ப்பாகவே வைத்துக்கொள்வது நன்று. ஆய்வுக்கூடத் தாளில் காணும் பெயரும் வீட்டில் வழங்கும் பெயரும் ஒன்றாக இருப்பது நோயாளர்க்குப் பாதுகாப்பு. அவற்றை எழுதுவோர் இலக்கத்திலும் கவனமாக இருத்தல் வேண்டும். சி-2 அந்நொதியைத் தூண்டுவது. சி-3 அதைத் தடுப்பது. கல்லீரலில் சி-3 உருவாவதைக் குறைக்கும் ஒலெசார்சன் என்னும் ஊசிமருந்துக்கு, இவ்வகை மரபு நோயுள்ள பெரியவர்கள் உணவுக் கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பயன்படுத்த, 2024 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் அளிக்கப்பட்டது. இரண்டுக்குப் பதில் மூன்று என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

மூன்றாம் சொல்: பரம்பரை

பரம்பரை என்னும் சொல் அறாத தொடர்ச்சியைக் காட்டுவது. பரம்பரை வீடு, பரம்பரைத் தொழில் என்கிறோம். தாத்தாவிடம் இருந்தது, தந்தையிடம் இருந்தது, இப்போது மகனிடம் இருக்கிறது என்பதே அதன் கருத்து. ஆகவே, பரம்பரை நோய் என்றதும் குடும்பத்தார் முன்னோர் வரிசையில் நோயாளரைத் தேடுகின்றனர். எவரும் கிடைக்காதபோது, வெளியிலிருந்து வந்த மருமகளை நோக்குகின்றனர்.

இந்நோய் அவ்வாறு வருவதன்று. சி-2 புரதத்துக்குரிய மரபணு 19ஆம் குரோமோசோமில் உள்ளது. நம் ஒவ்வொருவரிடமும் அதற்கு இரண்டு படிகள் உண்டு. ஒன்று தாய்வழி, மற்றொன்று தந்தைவழி. ஒரு படி பழுதுபட்டாலும் மற்றது போதிய புரதத்தை ஆக்கிவிடும். அத்தகையோர்க்குப் பொதுவாக நோய் தோன்றுவதில்லை. அவர்களைத் தாங்கிகள் என்கிறோம். பிள்ளைக்கு இரண்டு படிகளும் பழுதாக வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். ஒடுங்கு பண்பு என்று மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஒடுங்குதல் என்றால் மறைந்து அடங்கியிருத்தல், இல்லாதொழிதல் அன்று. பல தலைமுறைகள் அது ஓசையின்றி வரக்கூடும்.

நம் மாணவி மணந்தது தம் அத்தை மகனை. அவருடைய மாமியார் அவருக்கு மாமியார் ஆவதற்கு முன்பே தந்தையின் தமக்கை. தமிழில் இரண்டு உறவுக்கும் அத்தை என்னும் ஒரே சொல் இருப்பது தற்செயலன்று. முறைமணம் வழங்கிய குடும்ப அமைப்பு அச்சொல்லில் படிந்திருக்கிறது. அப்படியானால், “எங்கள் பரம்பரை” என்று அத்தை சொன்னது மருமகளின் பரம்பரையும்தான். ஆய்வில் கணவன் மனைவி இருவரும் ஒரே மாற்றத்தின் தாங்கிகள் என்று தெரிந்தது. ஒரே பாட்டனிடமிருந்தோ பாட்டியிடமிருந்தோ அது இரு கிளையாகப் பிரிந்து வந்து, பேரப்பிள்ளையிடம் மீண்டும் கூடியிருக்க வேண்டும். முறைமணத்தைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. உறவில் மணந்தோருள் மிகப் பலருடைய பிள்ளைகள் நலமாகவே இருக்கின்றனர். உறவு நெருங்கும்போது ஒரே மாற்றம் இருபுறமிருந்தும் வந்து சேரும் வாய்ப்புக் கூடுகிறது. உறவு இல்லாதவர்களிடையேயும் இந்நோய் தோன்றக்கூடும். எந்தப் பக்கத்துக் குற்றம் என்ற கேள்விக்கு இங்கு இடமே இல்லை.

இன்னொரு தொடரையும் இங்கே குறிக்க வேண்டும். பெற்றோர் இருவரும் தாங்கிகளானால் நோய் வரும் வாய்ப்பு ‘நான்கில் ஒன்று’ என்பர். நம் மாணவி இதை, நான்கு பிள்ளைகள் பிறந்தால் ஒருவருக்கு வரும், அந்த ஒருவர் பிறந்துவிட்டார், இனி அச்சமில்லை என்று பொருள் கொண்டார். கணிதம் அப்படிச் சொல்லவில்லை. ‘ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே நான்கில் ஒரு வாய்ப்பு’ என்று எழுத வேண்டும். ‘தனித்தனியே’ என்னும் ஒரு சொல் விடுபட்டால் ஒரு குடும்பம் தவறான முடிவுக்கு வரக்கூடும். மூத்த மகளையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் பிறகே அவருக்குப் புரிந்தது. அப்பெண் நலமாக இருக்கிறாள்.

ஆசிரியர்க்குச் சில சொற்கள்

இந்நோய்க்கு முதன்மையான காப்பு உணவே. வழக்கமாகத் தரப்படும் மருந்துகள் இதில் பெரும்பயன் தருவதில்லை. பெரியவர்க்கும்கூட நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிராம் கொழுப்பு என்பதே பொதுவான எல்லை. பிள்ளைக்குரிய அளவை மருத்துவரும் உணவியலாளரும் வகுப்பர். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டுமே ஏறத்தாழ 14 கிராம் உண்டு என்று எண்ணிப் பார்த்தால், அது எவ்வளவு குறுகிய எல்லை என்பது விளங்கும். தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக்கும், எண்ணெயில் மடித்துச் சுட்ட ரொட்டி சானாயும், தீபாவளி முறுக்கும் இச்சிறுவனுக்கு ஆகாதவை.

இவ்வகை நோயாளர் சிலர்க்கு ‘நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு’ என்னும் தனி எண்ணெய் பரிந்துரைக்கப்படுகிறது. அது கைலோமைக்ரானாகக் கட்டப்படாமல் நேரே கல்லீரலை அடைவது. உறவினர் சிலர் அது தேங்காய் எண்ணெய்தான் என்றனர். தேங்காய் எண்ணெயில் மிகுந்திருப்பது லாரிக் அமிலம். அதன் பெரும்பகுதி கைலோமைக்ரான் வழியாகவே செல்கிறது. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகாது.

ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை ஓர் உணவை வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். அடிக்கடி வயிறு வலிக்கிறது என்றால் நடிப்பு என்று முடிவுகட்டாதீர்கள். மேல்வயிற்றில் கடும்வலி எழுந்து வாந்தியும் தொடர்ந்தால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நோய் இன்னதென்று ஏற்கெனவே தெரிந்திருந்தால் அதன் பெயரை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். வெளுத்த இரத்தம் வேறு சில சோதனை அளவுகளையும் பிறழக் காட்டும். கணைய அழற்சியைக் காட்டும் அமைலேஸ் அளவுகூட இயல்பாக இருப்பதுபோல் தோன்றக்கூடும்.

இறுதியாக, நாம் திருத்தி எழுதிக் கொடுத்ததைச் சொல்லி முடிக்கிறோம். முன்பு ஐந்தே சொற்களில் எழுதியதை இம்முறை ஐந்து தொடர்களாக எழுதினோம். ‘இவன் உடலில் ஒரு சிறு புரதம் பிறவியிலேயே இல்லை. அதனால் உண்ணும் எண்ணெயும் நெய்யும் இரத்தத்தை விட்டு நீங்காமல் தங்கிவிடுகின்றன. இது எவர் செய்த தவற்றாலும் வந்ததன்று. தாய் தந்தை இருவர் வழியாகவும் மறைந்து வந்தது. எண்ணெயை மிகவும் குறைத்து உண்டால் கணையத்தைக் காக்கலாம்.’

கலைச்சொல் தேர்வுக்குப் போதும்; வீட்டுக்கு முழுத்தொடர் வேண்டும். சுருக்கமே சிறப்பு என்று நீண்டகாலம் கற்பித்த நமக்கு, இதை அக்குடும்பம் கற்றுக்கொடுத்தது.

அத்தை அதை இருமுறை படித்தாராம். மறுநாள் முதல் பேரனுக்காக ஆவியில் வேகும் உணவுகளைத் தாமே சமைக்கத் தொடங்கினாராம். அச்சிறுவனுக்கு இன்றும் எப்போதாவது வலி வருவதுண்டு. ஆனால், வலிக்கிறது என்று அவன் சொன்னால், நடிக்கிறான் என்று இப்போது எவரும் சொல்வதில்லை.